இஸ்திகாராத் தலையணை

அந்தத் தலையணையை என் கையால்தான் செய்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. வாசல் அறையில் என் அண்ணன் மெஹபூப் பாஷா நாட்டு மருந்தும் அத்தரும் விற்றார். பின்கட்டில் நான் மூலிகைத் தலையணை செய்தேன். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அண்ணனும் அவர் மனைவி குல்ஷன் பாபியும்தான் எனக்கு வீடு. சாந்தோமிலிருந்து ஃப்ளோரா அக்கா உறைகள் தைத்துக் கொண்டுவருவாள். எங்கள் வீட்டில் உருது பேசுவோம், சண்டை வந்தால் தமிழுக்கு மாறிவிடுவோம். அதனால் நான் சொல்லப்போகிற பேச்சு முழுவதும் தமிழிலேயே நடந்தது.

மூலிகைத் தலையணை என்றால் பஞ்சோடு இலையைக் கலந்து திணிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் திணித்தால் இலை நொறுங்கித் தூளாகி மூக்கில் ஏறும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். இலவம்பஞ்சின் இழை மெழுகு தடவியது போன்றது. தண்ணீரையே ஒட்டவிடாது. அதனால் பஞ்சு பஞ்சாகவே இருக்க வேண்டும், மூலிகை தனியாக மெல்லிய மல் துணிப் பையில் இருக்க வேண்டும். அந்தப் பையைத் தலையணையின் நடுவில் வைத்துச் சுற்றிலும் பஞ்சை அடைப்பேன். தலையின் சூடு பஞ்சுக்குள் மெல்ல இறங்கும். அந்தச் சூட்டில்தான் வாசனை வெளியே வரும். அடுப்பில் ஏற்றிய பாத்திரம் போலத்தான், அடுப்பு மட்டும் நம் தலை.

எல்லா வாசனையும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பன்னீர் ரோஜா இதழ் அவசரக்காரி. தலை வைத்தவுடன் வந்துவிட்டு நாம் கண் அயர்வதற்குள் போய்விடுவாள். மருதாணிப் பூ அடுத்தது. அது கனமானது, உடம்பை இளக்கித் தூக்கத்தில் அழுத்தும். வெட்டிவேர் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குச் சூடு போதாது, ஈரமும் வேண்டும். அந்த ஈரத்தை எங்கிருந்து கொடுப்பது என்று பல நாள் யோசித்துவிட்டு, மூச்சிலிருந்து கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். தூங்குகிறவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று கேட்டுக்கொண்டு, மூச்சுப் படுகிற பக்கத்தில் உறைக்கு அடியிலேயே வெட்டிவேரைப் பின்னி வைப்பேன். மூச்சின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி விடியற்காலையில் மழை பெய்த மண்ணின் வாசம் எழும். விடிகிற நேரத்துக் கனவுதான் மனிதருக்கு ஞாபகத்தில் நிற்கும். அப்போது மூக்கில் மழை வாசம் இருந்தால் கனவில் பெரும்பாலும் பச்சை வரும். எல்லோருக்கும் வருமென்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு வந்திருக்கிறது.

பெரியமேட்டில் தோல் கிடங்கு வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மானுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அவர் நாற்பது தாண்டியவர், இரண்டு மனைவியரை அடக்கம் செய்தவர். வீட்டில் தாயார் படுத்த படுக்கை. பெண் பார்க்க வந்த அவருடைய அக்கா அஸ்மத்துன்னிசா என் முகத்தைப் பார்க்குமுன் என் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க அம்மாவைத் தூக்கி உக்கார வைக்கணும். கைல தெம்பு கீதா?"

"பஞ்சு மூட்டையே தூக்குவா" என்றாள் குல்ஷன் பாபி.

"அந்தப் பஞ்சு வேலைலாம் இங்கியோட சரி. எங்க வூட்டுப் பொம்பளைங்க ஊருக்குத் தலையணை தெச்சிக்கினு இருக்கமாட்டாங்க."

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஹபீபுர் ரஹ்மானுக்குத் தியாகராய நகரில் நல்ல இடத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. கல்யாணம் முடிந்தால் அண்ணன் அதில் அத்தர்க் கடை வைக்கலாம். இது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அண்ணனுக்கும் தெரியும்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. சொன்னால் அது பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்படாது. "சின்னப் பொண்ணு, வெக்கப்படுது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கிருந்த ஒரே வாசல் இஸ்திகாரா.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் திகைக்கிறபோது, தூங்கப் போகுமுன் இரண்டு ரக்அத் தொழுது, "எனக்கு எது நல்லதோ அதன் பக்கம் என்னைத் திருப்பு" என்று அல்லாஹ்விடம் துஆ கேட்பதுதான் இஸ்திகாரா. கனவு வந்தாக வேண்டுமென்று கட்டாயம் எதுவும் இல்லை என்று படித்த ஆலிம்கள் சொல்வார்கள். எங்கள் சந்தில் அதையெல்லாம் கேட்பாரில்லை. கனவில் வெள்ளையோ பச்சையோ வந்தால் சம்மதம், கறுப்போ சிவப்போ வந்தால் வேண்டாம் என்பது எங்கள் சந்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மீற எந்த அண்ணனுக்கும் தைரியம் வராது.

"வியாழக்கிழமை ராத்திரி இஸ்திகாரா பாக்கறேன்" என்றேன். அஸ்மத்துன்னிசா தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் பதில் கேட்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கறுப்புக் கனவை வரவழைக்க எனக்குத் தெரியாதா? உமியைக் கருக்கி, ஒரு துண்டு பெருங்காயத்தோடு மல் துணியில் முடிந்து, மூச்சுப் படும் பக்கம் வைத்தால் விடிவதற்குள் புகையும் நெருப்புமாகத் தெரியும். அன்று மாலையே உமிச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். ஏற்றிய கையாலேயே இறக்கியும் வைத்தேன். கேட்பது அல்லாஹ்விடம், பதிலை நானே எழுதி வைப்பதா? அது எனக்குக் கூசியது. வருவது வரட்டும், வந்ததை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தேன். பச்சையே வந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு போய் அந்தத் தாயாரைத் தூக்கி உட்கார வைப்பேன். எந்த அளவுக்கு நான் நேர்மையாக நடக்க இருந்தேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் அண்ணன் பின்கட்டுக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம்.

"அடையாத்துல ஒரு அம்மா. அவங்க புள்ள ரங்கூன்லேந்து நடந்தே வந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதுல கூட வந்தவங்கள்லாம் வழிலயே போயிட்டாங்களாம். ராத்திரியானா அலறிக்கினு எழுந்துக்கறானாம். அவனுக்கு ஒரு தலையணை வேணும். பச்சைப் பசேல்னு கனவு வரணும்னு கேக்கறாங்க."

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பான்?"

அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். "வலது பக்கம்" என்றார்.

நானும் வலது பக்கம்தான் படுப்பேன். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளையை நினைத்து நினைத்துச் செய்தேன். நிழலில் உலர்த்தி வைத்திருந்த மருதாணிப் பூவில் காம்பு கலந்ததையெல்லாம் பொறுக்கி எறிந்தேன், காம்பு கன்னத்தில் குத்தும் என்பதற்காக. அலறி எழுந்த முகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று மரிக்கொழுந்து ஒரு பிடி சேர்த்தேன். என் வழக்கத்தில் மரிக்கொழுந்து கிடையாது. வெட்டிவேரை மூன்று பின்னலாகப் பின்னினேன். பிறகு குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸி ஓதி அதன்மேல் ஊதினேன். எந்தப் பெண்ணோ பெற்ற பிள்ளை, நன்றாகத் தூங்கட்டும் என்று.

ஃப்ளோரா அக்கா உறை கொண்டுவந்தபோது தலையணையைக் கையில் வாங்கி முகத்தைப் புதைத்தாள்.

"இன்னாமே இது, கோயில்ல பூஜை நேரத்துல கூட எனக்கு இவ்ளோ நிம்மதியா தூக்கம் வந்ததில்ல."

"பங்குச்சாமியார் காதுல வுழப்போவுது."

"வுழட்டும். அவருக்கும் ஒண்ணு தெச்சுக் குடு. பிரசங்கம் சுருக்கமா முடியும்."

சிரித்துக்கொண்டே அண்ணனிடம் கொடுத்தேன். அவர் துணியில் சுற்றி எடுத்துப் போனார். அடையாற்றுக்குப் போகிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை இரவு இஷாத் தொழுகையை முடித்து, இரண்டு ரக்அத் தொழுது, துஆ கேட்டேன். பாபி என் படுக்கையைத் தானே விரித்து வைத்திருந்தாள். அவள் என் படுக்கையை விரித்ததே இல்லை. இந்த ஒரு நாள் அன்பாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். தலையணைக்கு என் பழைய நீல உறைதான் போட்டிருந்தது. தலையை வைத்தேன். ரோஜா வந்தது. அதன் பின்னாலேயே மரிக்கொழுந்து வந்தது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உறைக்குள் கை விட்டு வலது பக்கம் தடவிப் பார்த்தேன். மூன்று பின்னல்.

அண்ணன் எப்படி இவ்வளவு முட்டாளாக இருந்தார் என்று கேட்பீர்கள். அவர் முட்டாள் இல்லை. அத்தர் விற்பவர்களுக்கு மூக்கு மரத்துப் போகும். நாளெல்லாம் ஜவ்வாதுக்கும் கஸ்தூரிக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால், மூக்கு வேலை செய்து அலுத்துப்போய் எதையும் சொல்லாமல் இருந்துவிடும். அவருக்கு எல்லாத் தலையணையும் பஞ்சுதான். உறையை மாற்றினால் தலையணை மாறிவிட்டது என்று அவர் மனதார நம்பினார். தனக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரியும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

அன்று நான் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அடையாற்றுப் பிள்ளை என்று ஒருவன் இல்லவே இல்லை என்பது மெல்லத்தான் எனக்குள் இறங்கியது. இல்லாத ஒருவனுக்காக நான் காம்பு பொறுக்கியிருக்கிறேன். அவனுக்காக ஓதி ஊதியிருக்கிறேன். ரங்கூனிலிருந்து நிஜமாகவே நடந்து வந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களுடைய துக்கத்தை எடுத்து எனக்குத் தூண்டிலில் புழுவாக மாட்டியிருந்தார் என் அண்ணன். கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் செய்யக் கூசிய ஒன்றை, என் கையைக் கொண்டே, எனக்கே செய்தார்.

காலையில் அஸ்மத்துன்னிசா வந்தாள். கூடத்தில் பாய் விரித்து, பாபி அவளுக்கு டீ கொடுத்தாள். ஃப்ளோரா அக்காவும் உறைக்கட்டோடு வந்து கதவோரம் நின்றாள். நான் தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறியது.

"இன்னா ஜஹனாரா, கனவு வந்துச்சா?" என்று அஸ்மத்துன்னிசா கேட்டாள்.

"தூங்குனாதானே ஆபா கனவு வரும்."

உட்கார்ந்தேன். கத்தரியை எடுத்துத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெட்டினேன்.

"பைத்தியமா உனக்கு" என்று அண்ணன் எழுந்தார்.

"உக்காருங்க பாய்ஜான். நீங்க கேட்ட சரக்குதானே, எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

பஞ்சு கூடமெங்கும் பறந்தது. மல் பையைக் கிழித்து, வெட்டிவேர்ப் பின்னலையும் உருவி, ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தேன். "இது ரோஜா. தலை வெச்சதும் சந்தோசமா இருக்கணும்ல, அதுக்கு. இது மருதாணிப் பூ. பாதி ராத்திரில எழுந்து யோசிக்காம இருக்கறதுக்கு. இது வெட்டிவேர். வலது பக்கம். நான் வலது பக்கம் படுப்பேன்னு யார் சொன்னாங்கன்னு தெரியல, பாபிக்குத் தெரிஞ்சிருக்கும். விடியக்காலைல என் மூச்சு இதும்மேல பட்டு, மழை வாசம் வந்து, நான் பச்சையா கனவு கண்டு, எழுந்து வந்து உங்ககிட்ட 'சம்மதம் ஆபா'ன்னு சொல்லணும். அதுக்குத்தான் இத்தனை ஏற்பாடு. செஞ்சது நான். ரங்கூன்லேந்து வந்த புள்ளைக்குன்னு சொல்லி வாங்கினது எங்க அண்ணன்."

பாபி டீக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார் அண்ணன். "உன் நல்லதுக்குத்தான். தலையணை இன்னா, ஜின் பிசாசா? வாசனைதானே."

"வாசனைதானேன்னா எதுக்கு உறையை மாத்துனீங்க?"

ஃப்ளோரா அக்கா கதவோரத்திலிருந்து மெல்லச் சொன்னாள்: "இதான்மே கடவுள் குடுத்த பதில். கண்ணத் தொறந்து காட்டிட்டாரு பாரு."

அது நல்ல வாசல். அதற்குள் புகுந்து தப்பித்திருக்கலாம். இஸ்திகாராவில் எனக்குக் கிடைத்த விடை இதுதான் என்று சொன்னால் சந்தே ஒப்புக்கொள்ளும். ஆனால் நான் வாயைத் திறக்குமுன் அஸ்மத்துன்னிசா பேசினாள். அவளுக்கும் கோபம்தான், ஆனால் என் கோபம் இல்லை.

"மெஹபூப், எங்க வூட்டு சம்பந்தத்துக்கு இந்தத் திருட்டுத்தனம்லாம் தேவையில்ல. எந்தம்பிக்கு இன்னா கொறச்சல்?" என்று அவரைக் கடிந்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "நீ செஞ்சது சரி. தூங்காம இருந்ததும் சரி. இன்னிக்கு ராத்திரி எங்க வூட்டுலேந்து ஒரு தலையணை அனுப்பறேன், வெறும் பஞ்சு. மறுபடி பாரு. ஏழு ராத்திரி வரைக்கும் பாக்கலாம். என்னிக்கினா ஒருநாள் வரும்."

என்றைக்காவது ஒருநாள் வரும். ஏழு இரவில் ஒரு கொடி, ஒரு புல், ஒரு வெள்ளைப் புறா வராமலா போகும்? வந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறு இரவின் கறுப்பை யாரும் எண்ண மாட்டார்கள். தலையணையைக் கள்ளத்தனமாக மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கேள்வி ஒன்றுதான், அதற்கு அவர்கள் எதிர்பார்த்த பதிலும் ஒன்றுதான். என் கோபம் அப்போது அண்ணனைத் தாண்டிப் போயிற்று. என்மேலும் கொஞ்சம் விழுந்தது. இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு நான் கனவை அல்லவா தூது அனுப்பப் பார்த்தேன்.

"தலையணை அனுப்பாதீங்க ஆபா" என்றேன். "இது கனவு சொன்னதும் இல்ல, ஃப்ளோரா அக்கா சொல்ற மாதிரி கடவுள் குடுத்த பதிலும் இல்ல. நான் சொல்றேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"பொண்ணு தன் வாயால வேணாம்னு சொல்றதா?"

"வேற யார் வாயால சொல்றது?"

"கனவுல வெள்ளையே வந்தா?" என்றார் அண்ணன்.

"வெள்ளையே வந்தாலும் வேணாம்."

அவர் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது, ஃப்ளோரா அக்கா நடுவில் வந்து நின்றதால். அவள் உறைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அஸ்மத்துன்னிசா புர்காவை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "மெஹபூப், உன் தங்கச்சிய நீ சரி பண்ணு. அடுத்த மாசம் நிக்காஹ். நாள் வெச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிக்காஹ் எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருந்தது. பெண் சபைக்கு வருவதில்லை. பெண் சார்பில் ஒரு வக்கீலும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து அவள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு போய், நிக்காஹ் ஓதிவைக்கிற காஜியிடம் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் பெண் தலையாட்டினாளா, அழுதாளா, பக்கத்தில் இருந்தவள் அவள் தலையைப் பிடித்து ஆட்டினாளா என்று காஜிக்குத் தெரியாது. மூன்று ஆண்கள் சொன்னால் முடிந்தது. அந்த வக்கீலாக யாரை அண்ணன் கொண்டுவருவார் என்பது எனக்குத் தெரியும். தலையணை உறையை மாற்றியவருக்கு இதுவா பெரிது?

பஞ்சைப் பெருக்காமல் புர்காவைப் போட்டேன்.

"எங்கே?" என்றாள் பாபி.

"காஜி வூட்டுக்கு."

அண்ணன் வாசலை மறித்தார். கடைக்கு அதற்குள் யாரோ நொச்சி இலை கேட்டு வந்து நின்றார்கள். அவர்கள் முன்னால் தங்கையைப் பிடித்து இழுக்க அவருக்கு முகமில்லை. நான் பக்கவாட்டில் நுழைந்து தெருவில் இறங்கினேன். ஃப்ளோரா அக்கா கூடவே வந்தாள்.

"மொறச்சிக்கினே நடக்காதமே. ரோட்டுல எல்லாரும் வழி வுடறாங்க."

"வுடட்டும்."

காஜியின் வீட்டில் அவர் மனைவி ஜமீலுன்னிசா எங்களை உட்கார வைத்தார். திரைக்கு அப்பால் காஜி ஏதோ படித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் அவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன், தலையணை முதல் எல்லாவற்றையும். ஜமீலுன்னிசாம்மா நடுவில் ஆவல் தாங்காமல் கேட்டார்: "அது சரி, கனவு ஏதாவது வந்துதா உனக்கு?"

"கனவைக் கேக்காதீங்கம்மா. என்னைக் கேளுங்க."

அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். படிக்கிற சத்தம் திரைக்கு அப்பால் நின்றிருந்தது.

"சரி. பெரியமேடு ஹபீபுர் ரஹ்மானுக்கு நிக்காஹ் பண்ணிக்க உனக்கு சம்மதமா?" என்று ஜமீலுன்னிசாம்மா கேட்டார்.

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கையைப் பிடித்துப் பார்த்தார்கள், கனவைக் கேட்டார்கள். இந்தக் கேள்வி இவ்வளவு சின்னது என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"இல்ல" என்றேன். "இல்ல. நாளைக்கு மூணு பேர் வந்து நான் தலையாட்டினேன்னு சொன்னாலும் இல்ல."

திரைக்கு அப்பால் காஜி தொண்டையைச் செருமினார். "என் காதில் விழுந்தது என்று சொல்" என்றார் தன் மனைவியிடம். "அந்தப் பெண்ணின் வாயால் நான் நேரில் கேட்காமல் அந்த நிக்காஹை ஓத மாட்டேன். மெஹபூப் பாஷாவிடமும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன்."

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஃப்ளோரா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் கோவம் தணிஞ்சுதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அன்றைக்குச் சொன்ன இன்னொரு இல்லை அது. சொல்லச் சொல்லச் சுலபமாகிக்கொண்டு வந்தது.